ஜெர்மனியில் ‘ஃபீஸ் இல்லாத’ படிப்பு: தகுதி என்ன? எந்த வரிசையில் விண்ணப்பிக்க வேண்டும்? முழு விவரம்

ப்ளஸ் 2 அல்லது டிகிரி முடிக்கப்போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி, "ஜெர்மனியில படிப்பு ஃப்ரீயாமே, உண்மையா?" என்பதுதான்.

பெரும்பாலும் உண்மைதான். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. 2023-24 கல்வியாண்டில் 49,000-க்கும் அதிகமான இந்திய மாணவர்கள் ஜெர்மனியில் படித்தார்கள். அங்கு படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் நம் நாட்டவர்தான் முதலிடம்.

ஆனால், ஃபீஸ் இல்லை என்பதால் சீட் கிடைப்பது சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே ஒரு சான்றிதழ் கையில் இருந்தால்தான் அடுத்த கட்டத்துக்கே போக முடியும். வரிசை மாறினாலோ, ஒரு கடைசித் தேதி தவறினாலோ ஆறு மாதம், சில சமயம் ஒரு வருடமே போய்விடும். நல்ல மார்க் வைத்திருக்கும் பலரும் தடுமாறுவது இங்கதான்.

அதனால் யாருக்குத் தகுதி இருக்கிறது, எந்த ஆவணத்தை எப்போது வாங்க வேண்டும், கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

உண்மையிலேயே ஃபீஸ் இல்லையா?

2000-களின் மத்தியில் ஜெர்மனியின் சில மாநிலங்கள் கல்விக் கட்டணம் கொண்டுவந்தன. கடும் எதிர்ப்பு எழுந்ததால் ஒவ்வொரு மாநிலமாக அதைக் கைவிட்டது. கடைசியாக லோயர் சாக்சனி மாநிலம் 2014-ல் நிறுத்தியது.

இப்போதும் சில விதிவிலக்குகள் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல் பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்யக் கூடாது.

• பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம்: ஐரோப்பிய யூனியனைச் சேராத வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. 2017-18 குளிர்கால செமஸ்டரில் இருந்து இந்த விதி வந்தது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ, ஹைடல்பெர்க், ஃப்ரைபர்க் எல்லாம் இந்த மாநிலத்தில்தான் உள்ளன.

• மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்: 2024-25 குளிர்கால செமஸ்டரில் இருந்து கட்டணம் வசூலிக்கிறது. படிப்பைப் பொறுத்து, ஒரு செமஸ்டருக்கு இளநிலைக்கு 2,000 அல்லது 3,000 யூரோ. முதுநிலைக்கு 4,000 அல்லது 6,000 யூரோ.

• தனியார் பல்கலைக்கழகங்கள்: இவை கட்டணம் வாங்கும். ‘ஜெர்மனி என்றாலே ஃப்ரீ’ என்ற பேச்சு இவற்றுக்குப் பொருந்தாது.

கட்டணம் இல்லாத இடங்களிலும் ‘செமஸ்டர் பங்களிப்பு’ என்று ஒரு தொகை உண்டு. ஊரைப் பொறுத்து இது சுமார் 100 முதல் 400 யூரோ வரை இருக்கும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் இதிலேயே அடங்கிவிடும்.

ப்ளஸ் 2 முடிச்சதும் நேரா சேர முடியுமா?

பெரும்பாலானவர்களுக்கு முடியாது. நம் ஊர் 12 வருடப் பள்ளிப் படிப்பை மட்டும் வைத்து ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நேரடியாக இளநிலைப் படிப்பில் சேர வழியில்லை. அங்குள்ள பள்ளி இறுதித் தேர்வான ‘அபிட்டூர்’ தகுதிக்கு இது முழுமையாகச் சமம் இல்லை என்பதுதான் காரணம்.

இளநிலையில் சேர மூன்று வழிகள் இருக்கின்றன.

1. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றிருந்தால், பொறியியல் சார்ந்த படிப்புகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

2. இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் வெற்றிகரமாகப் படித்து முடித்திருந்தால், அதே துறையில் விண்ணப்பிக்கலாம். இங்கே மெக்கானிக்கல் முதல் வருடம் படித்துவிட்டு அங்கே பொருளாதாரம் கேட்க முடியாது.

3. ‘ஸ்டூடியன்கோலெக்’ எனப்படும் ஆயத்தப் படிப்பு. இது இரண்டு செமஸ்டர். தொழில்நுட்பத்துக்கு ஒரு பிரிவு, மருத்துவம் மற்றும் உயிரியலுக்கு ஒரு பிரிவு, வணிகத்துக்கு ஒரு பிரிவு என்று தனித்தனியாக நடக்கும். இதில் சேரவே நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஜெர்மன் மொழியில் குறைந்தது பி1 அல்லது பி2 நிலை கேட்பார்கள்.

இன்னொரு விஷயம். அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன. ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகள் முதுநிலையில்தான் அதிகம். நம் ஊர் மாணவர்களில் பலர் இங்கே டிகிரி முடித்துவிட்டு மாஸ்டர்ஸுக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாஸ்டர்ஸ் படிக்க என்ன தகுதி?

முதலில் உங்கள் கல்லூரி, பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம். வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களை மதிப்பிட ஜெர்மனி ‘அனாபின்’ என்ற தரவுத்தளத்தை வைத்திருக்கிறது. அதில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு ‘ஹெச் பிளஸ்’ என்று இருந்தால் அங்கீகாரம் உண்டு என்று பொருள். ‘ஹெச் மைனஸ்’ என்றால் இல்லை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பாடப் பொருத்தம். டிகிரியின் பெயரைவிட, அதில் என்னென்ன பாடம் எத்தனை கிரெடிட் படித்தீர்கள் என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள். டேட்டா சயின்ஸ் மாஸ்டர்ஸ் கேட்டால், கணிதத்தில் இத்தனை கிரெடிட், புரோகிராமிங்கில் இத்தனை கிரெடிட் என்று நிபந்தனை இருக்கும். சிஜிபிஏ 9 வைத்திருந்தாலும் அந்தக் கணக்கு இடித்தால் நிராகரிப்புதான். சிலபஸை முழுமையாக எடுத்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

பி.எஸ்சி., பி.காம். போன்ற மூன்று வருட டிகிரிக்காரர்கள் ஒவ்வொரு படிப்பின் நிபந்தனைப் பக்கத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும். சில இடங்களில் நான்கு வருட டிகிரிக்கு ஈடான கிரெடிட் கேட்பார்கள்.

‘அரியர் இருந்துச்சே, கிடைக்குமா?’ என்று கேட்பவர்கள் நிறைய. அரியர் வைத்து பாஸ் செய்ததால் மட்டுமே வாய்ப்பு போய்விடாது. மதிப்பெண் கணக்கில் வருவது இறுதி சிஜிபிஏ. ஆனால் இன்னும் முடிக்காத அரியர் இருந்தால் டிகிரிச் சான்றிதழ் தாமதமாகும். சேர்க்கை நேரத்தில் அதுதான் பிரச்னை ஆகும்.

சிஜிபிஏ 7.5 என்றால் அங்கே எவ்வளவு?

ஜெர்மனியில் மதிப்பெண் முறை நமக்கு நேர் எதிர். 1.0 தான் உச்சம். 4.0 என்றால் ஜஸ்ட் பாஸ். நம் மதிப்பெண்ணை அதற்கு மாற்ற ‘பவேரியன் சூத்திரம்’ என்ற கணக்கைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

கணக்கு இதுதான்: அதிகபட்ச மதிப்பெண்ணில் இருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். அதை, அதிகபட்சத்துக்கும் பாஸ் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். வருவதை 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்ட வேண்டும்.

உதாரணமாக, அதிகபட்சம் 10, பாஸ் 5, உங்கள் சிஜிபிஏ 7.5 என்று வைத்துக்கொள்வோம். 10-ல் 7.5 போனால் 2.5. அதை 5-ஆல் வகுத்தால் 0.5. மூன்றால் பெருக்கினால் 1.5. ஒன்றைக் கூட்டினால் 2.5.

இந்த 2.5 முக்கியமான எண். பல மாஸ்டர்ஸ் படிப்புகள் ‘2.5 அல்லது அதைவிடச் சிறப்பாக’ என்றுதான் கேட்கின்றன. சிஜிபிஏ 8 என்றால் 2.2 வரும். சிஜிபிஏ 7 என்றால் 2.8.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தில் பாஸ் மதிப்பெண் 5 இல்லாமல் 4 என்றால், அதே 7.5 சிஜிபிஏ 2.25 ஆகிவிடும். அதனால் மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் இருக்கும் கிரேடு விளக்கப் பட்டியலையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். முன்பக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டால் பாஸ் மதிப்பெண் எது என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஜெர்மன் மொழி கட்டாயமா?

படிப்பு எந்த மொழியில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஆங்கிலப் படிப்புகளுக்கு ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபல் கேட்பார்கள். ஐஇஎல்டிஎஸ் என்றால் பெரும்பாலும் 6 முதல் 6.5 வரை. ‘நான் ஆங்கில வழியில்தான் படித்தேன்’ என்ற கல்லூரிக் கடிதத்தைச் சில இடங்கள் ஏற்கின்றன, பல இடங்கள் ஏற்பதில்லை.

ஜெர்மன் வழிப் படிப்புகளுக்கு டெஸ்ட்டாஃப் தேர்வில் நான்கு பகுதிகளிலும் நிலை 4, அல்லது டிஎஸ்ஹெச் தேர்வில் நிலை 2 என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. ஏறக்குறைய சி1 நிலை இது.

ஆங்கிலத்தில்தானே படிக்கப் போகிறோம் என்று ஜெர்மனை விட்டுவிடாதீர்கள். வீடு பார்ப்பது, பதிவு அலுவலகம் போவது, பார்ட் டைம் வேலை, பிறகு முழுநேர வேலை எல்லாவற்றுக்கும் அது வேண்டும். இங்கிருந்தே ஏ2 அல்லது பி1 வரை முடித்துவிட்டுப் போவது நல்லது. சென்னையில் உள்ள கோதே நிறுவனம், அதாவது மாக்ஸ் முல்லர் பவன், வகுப்பும் தேர்வும் நடத்துகிறது.

முதலில் வாங்க வேண்டிய சான்றிதழ்: ஏபிஎஸ்

இந்தியாவில் படித்தவர்கள் ஜெர்மன் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க 2022 நவம்பர் 1 முதல் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். இது டெல்லியில் உள்ள ஜெர்மன் தூதரகத்தின் கல்விச் சான்றிதழ் சரிபார்ப்புப் பிரிவு தருவது. உங்கள் மார்க் ஷீட், டிகிரி எல்லாம் உண்மையானவையா, ஜெர்மனியில் சேரத் தகுதியானவையா என்று அவர்கள் பார்ப்பார்கள். சீனா, வியட்நாம் மாணவர்களுக்கும் இதே நடைமுறை உண்டு.

கட்டணம் 18,000 ரூபாய். பாஸ்போர்ட், 10, 12-ம் வகுப்பு மார்க் ஷீட்டுகள், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டுகள், டிகிரி அல்லது புரொவிஷனல் சான்றிதழ் ஆகியவை வேண்டும். இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்.

கைக்கு வர சில வாரங்கள் ஆகும். சீசனில் கூட்டம் அதிகம் என்றால் இன்னும் இழுக்கும். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடே இந்தச் சான்றிதழைக் கேட்கின்றன. ‘அட்மிஷன் வரட்டும், அப்புறம் ஏபிஎஸ் பாத்துக்கலாம்’ என்று விட்டவர்கள்தான் பெரும்பாலும் சிக்குகிறார்கள். ஒருமுறை வாங்கினால் போதும், காலாவதி ஆகாது. அதனால் முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுதான்.

எங்கே விண்ணப்பிப்பது? கடைசித் தேதி என்ன?

இரண்டு வழி இருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த இணையதளத்திலேயே விண்ணப்பம் வாங்குகின்றன. சுமார் 170 கல்வி நிறுவனங்கள் பெர்லினில் உள்ள ‘யூனி-அசிஸ்ட்’ என்ற பொது அமைப்பு வழியாக வாங்குகின்றன.

யூனி-அசிஸ்ட்டில் ஒரு செமஸ்டருக்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ. அடுத்தடுத்த ஒவ்வொன்றும் 30 யூரோ. ஐந்து இடங்களுக்குப் போட்டால் மொத்தம் 195 யூரோ. ஆவணங்களைச் சரிபார்க்க அவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

வேறு சில பல்கலைக்கழகங்கள் ‘விபிடி’ என்ற முன்மதிப்பீட்டு ஆவணத்தை யூனி-அசிஸ்ட்டில் வாங்கிக்கொண்டு, தங்களிடம் நேரடியாக விண்ணப்பிக்கச் சொல்லும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இந்த வகை. விபிடி கையில் வரவே வாரங்கள் ஆகும் என்பதால் கடைசி நேரத்தில் இதைச் செய்ய முடியாது.

பொதுவான கடைசித் தேதிகள்: அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15. ஏப்ரலில் தொடங்கும் கோடைக்கால செமஸ்டருக்கு ஜனவரி 15.

ஆனால் இந்தத் தேதியை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. பல மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு, அதுவும் வெளிநாட்டு மாணவர்களுக்கு, தேதி முன்னாலேயே முடிந்துவிடும். ஆக்கன் நகரின் ஆர்டபிள்யூடிஹெச் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே உள்ளவர்களுக்கு மார்ச் 1. மியூனிக்கில் பல படிப்புகளுக்கு மே 31. ஒவ்வொரு படிப்பின் பக்கத்தையும் தனித்தனியாகப் பார்த்து, தேதிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படிப்பும் இரண்டு செமஸ்டரிலும் தொடங்குவதில்லை. குளிர்காலத்தில் மட்டும் தொடங்கும் படிப்பைத் தவறவிட்டால் காத்திருப்பு ஒரு வருடம்.

ஃபீஸ் இல்லைன்னா, கையில எவ்வளவு பணம் வேணும்?

குடும்பங்கள் அதிர்ச்சி அடைவது இந்த இடத்தில்தான். படிக்கும் ஒரு வருடத்துக்கு உங்களை நீங்களே பார்த்துக்கொள்ள முடியும் என்று விசாவுக்கு நிரூபிக்க வேண்டும். பெரும்பாலானோர் இதற்காக ‘பிளாக்டு அக்கவுன்ட்’ தொடங்குகிறார்கள்.

2024 செப்டம்பரில் இருந்து அதில் போட வேண்டிய தொகை 11,904 யூரோ. இன்றைய மதிப்பில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல். இந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துவார்கள். விண்ணப்பிக்கும் நேரத்தில் எவ்வளவு என்று தூதரகப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இது யாருக்கும் கட்டும் கட்டணம் கிடையாது. உங்கள் பணம்தான். அங்கே போனதும் மாதம் 992 யூரோ என்று உங்களுக்கே திரும்ப வரும். வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் இதற்குள்தான். மருத்துவக் காப்பீடு மட்டும், 30 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும்.

உதவித்தொகை கிடைத்தாலோ, ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர் சட்டப்படி பொறுப்பேற்று உறுதிமொழி தந்தாலோ பிளாக்டு அக்கவுன்ட் இல்லாமலும் விசா கேட்கலாம். கல்விக் கடன் வாங்கி இந்தக் கணக்கில் போடுபவர்களும் உண்டு. அப்படியென்றால் வட்டிக் கணக்கையும் இப்போதே போட்டுப் பாருங்கள்.

‘பார்ட் டைம் வேலை செஞ்சு சமாளிச்சிடுவேன்’ என்று திட்டமிடுபவர்களுக்கு: வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் போன முதல் மாதமே வேலை கிடைக்கும் என்று நினைத்துப் பணத்தைக் குறைத்துக் கொண்டுபோகக் கூடாது.

விசாவில் கவனிக்க வேண்டியவை

அட்மிஷன் கடிதம் வந்ததும் அன்றே விசா வேலையைத் தொடங்கிவிடுங்கள். தேசிய விசாவுக்குக் கட்டணம் 75 யூரோ. அட்மிஷன் கடிதம், ஏபிஎஸ், பண ஆதாரம், காப்பீடு, மொழிச் சான்று, ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கடிதம் ஆகியவை வேண்டும். சென்னையில் விண்ணப்ப மையம் இருக்கிறது.

முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திலேயே இலவசமாக மறுபரிசீலனை கேட்க முடிந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வசதி நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது மறுத்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் ஜெர்மனியில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதனால் முதல் தடவையே ஆவணங்கள் சரியாக இருப்பது முன்பைவிட முக்கியம்.

டூரிஸ்ட் விசாவில் போய், அங்கே மாணவர் விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தியர்களுக்கு அது முடியாது.

நம் ஊர் மாணவர்கள் சிக்கும் இனிஷியல் பிரச்னை

தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் ‘எஸ். கார்த்திக்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். ஐஇஎல்டிஎஸ் சான்றிதழில் வேறு மாதிரி. ஜெர்மன் அதிகாரிக்கு இது மூன்று ஆட்களின் பெயராகத் தெரியலாம்.

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே எல்லா விண்ணப்பத்திலும் நிரப்புங்கள். மொழித் தேர்வுக்குப் பதிவு செய்யும்போதும் அதே பெயர். பாஸ்போர்ட்டில் திருத்தம் தேவை என்றால் ஏபிஎஸ் விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்காகவும் தபாலில் அனுப்ப வேண்டாம்.

அக்டோபரில் சேர வேண்டுமா? இதுதான் காலண்டர்

• முந்தைய வருடம் ஆகஸ்ட், செப்டம்பர்: பாஸ்போர்ட் சரிபார்ப்பு, ஐஇஎல்டிஎஸ் அல்லது ஜெர்மன் தேர்வு.
• அக்டோபர், நவம்பர்: ஏபிஎஸ் விண்ணப்பம்.
• டிசம்பர், ஜனவரி: அனாபின் பார்ப்பது, படிப்புகளைத் தேர்வு செய்வது, கடைசித் தேதிப் பட்டியல்.
• பிப்ரவரி முதல் மே வரை: யூனி-அசிஸ்ட், விபிடி, நேரடி விண்ணப்பங்கள்.
• அட்மிஷன் வந்ததும்: பிளாக்டு அக்கவுன்ட், காப்பீடு, விசா. அதே வாரத்தில் மாணவர் விடுதிக்கும் பெயர் கொடுங்கள். பெரிய ஊர்களில் அறை கிடைப்பது கஷ்டம்.

ஏஜென்ட்டிடம் போகலாமா?

போவதும் போகாததும் உங்கள் விருப்பம். மேலே சொன்ன எல்லா வேலையும் மாணவரே இணையத்தில் செய்யக்கூடியதுதான். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி-யின் இணையதளத்தில் ஆங்கில வழிப் படிப்புகளைக் கட்டணம் வாரியாகத் தேடலாம்.

ஏஜென்ட்டிடம் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். இது அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா? ஒரு செமஸ்டருக்கு மொத்தம் எவ்வளவு? வகுப்பு முழுவதும் நேரில் நடக்கிறதா? ஆன்லைன் வகுப்பு அதிகம் உள்ள படிப்பைக் காட்டி ஜெர்மனியில் தங்க அனுமதி வாங்குவது சிக்கல். பதில் தெளிவாக வரும் வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

படித்து முடித்தவர்களுக்கு, துறை சார்ந்த வேலை தேட 18 மாதம் வரை தங்க அனுமதி உண்டு. பலர் ஜெர்மனியைத் தேர்ந்தெடுப்பதே இதற்காகத்தான். அந்த வாய்ப்பு வேண்டும் என்றால் இன்று செய்ய வேண்டியது இரண்டே வேலை. பாஸ்போர்ட்டையும் மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். ஒரே மாதிரி இருந்தால் ஏபிஎஸ் விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.